கணக்கில் வராத ஆண்டுகள்

புழல் மத்திய சிறையில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரே கொலை வழக்கு, ஒரே தீர்ப்பு, மூவருக்கும் ஆயுள் தண்டனை. மூவருக்கும் வெளியே மனைவி இருக்கிறார். மனு போட்டு, வரிசையில் நின்று, சில நிமிடம் பேசிவிட்டுத் திரும்பும் வாழ்க்கை சில ஆண்டுகள் ஓடியபின் மூன்று பெண்களும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: இந்தத் திருமணம் போதும். மூவரும் போகப்போவது ஒரே நீதிமன்ற வளாகத்துக்கு. கிடைக்கப்போகும் பதில் மட்டும் வேறு வேறு.

முதல் பெண் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி மணந்தவர். அவருக்கு வழி நேரானது. கணவனோ மனைவியோ இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சொல்லப்பட்ட குற்றத்துக்காக 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை அனுபவித்துவந்தால், மற்றவர் விவாகரத்து கேட்கலாம் என்கிறது அந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. கணவர் தன்னை அடித்தார், வைதார் என்று எதையும் அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. தண்டனையே காரணம்.

இரண்டாமவர் முஸ்லிம். அவருக்கு 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் கைகொடுக்கிறது. கணவனுக்கு 7 ஆண்டோ அதற்கு மேலோ சிறை என்றால் மனைவி மண முறிவு கோரலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தண்டனை இறுதியாக வேண்டும். கணவர் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்திருந்தால் அது முடியும்வரை இவருக்குத் தீர்ப்பு கிடைக்காது. அந்த மேல்முறையீடு எப்போது விசாரணைக்கு வரும் என்பது இவர் கையில் இல்லை.

மூன்றாமவர் கோயிலில் தாலி கட்டிக்கொண்டவர். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில்தான் விவாகரத்துக்கான காரணங்கள் இருக்கின்றன. திருமணத்துக்கு வெளியே உறவு, கொடுமை, 2 ஆண்டு கைவிட்டுச் செல்லல், மதமாற்றம், தீராத மனநோய், துறவு, 7 ஆண்டாக உயிரோடு இருக்கும் தகவலே இல்லாமை என்று நீள்கிறது அந்தப் பட்டியல். கணவன் காவி உடுத்து உலகைத் துறந்தால் மனைவிக்கு விடுதலை உண்டு. கொலை செய்துவிட்டு ஆயுள் முழுவதும் சிறையில் இருந்தால், அதன் பெயரால் விடுதலை இல்லை. சிறைத் தண்டனை அந்தப் பட்டியலிலேயே கிடையாது.

தமிழ்நாட்டில் பெரும்பாலான பெண்கள் நிற்பது இந்த மூன்றாமவரின் இடத்தில். இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். ‘நாங்கள் ரிஜிஸ்டர் பண்ணியிருக்கிறோம்’ என்று பலரும் சொல்வார்கள். மண்டபத்தில் கல்யாணம் முடித்துவிட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ததால் மட்டும் அது சிறப்புத் திருமணச் சட்டத் திருமணம் ஆகிவிடாது. சுயமரியாதைத் திருமணமும் அப்படித்தான். 1967-இல் அண்ணா ஆட்சியில் கொண்டுவந்த திருத்தத்தால் அது இந்து திருமணச் சட்டத்துக்குள் 7-அ பிரிவாக இடம்பெற்றது. ஐயர் இல்லாமல், மந்திரம் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டவர்களும் விவாகரத்து என்று வரும்போது அதே 13-ஆம் பிரிவின் முன்தான் நிற்க வேண்டும். கிறிஸ்தவப் பெண்களின் நிலையும் வேறல்ல. 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் 2001-இல் பெரிதாகத் திருத்தப்பட்டது. கொடுமையும் கைவிடுதலும் அப்போது தனிக் காரணங்களாகச் சேர்ந்தன. சிறை சேரவில்லை.

சிறப்புத் திருமணச் சட்டத்தின் நேரான வழியிலும் ஒரு முள் கிடக்கிறது. ‘இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சொல்லப்பட்ட குற்றம்’ என்று அந்தப் பிரிவு கட்டுப்படுத்துகிறது. கஞ்சா கடத்தி 10 ஆண்டு தண்டனை பெற்றவர் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் உள்ளே இருப்பவர். போக்சோ சட்டம் தனிச் சட்டம். அவற்றின் கீழ் மட்டும் தண்டனை பெற்றவரின் மனைவிக்கு அந்த வரி அப்படியே பொருந்தாது. குழந்தைக்குத் தீங்கு செய்தவனோடு வாழ மாட்டேன் என்று ஒரு தாய் சொல்லும்போது, குற்றம் எந்தப் புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது என்று சட்டம் பார்ப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

கொடுமை என்று எழுதினால்தான்

இந்து, கிறிஸ்தவப் பெண்களின் வழக்கறிஞர்கள் என்ன செய்வார்கள்? இருக்கிற காரணங்களில் ஒன்றுக்குள் சிறையைக் கொண்டுவரப் பார்ப்பார்கள். முதலில் நினைவுக்கு வருவது கைவிட்டுச் செல்லல். பத்து ஆண்டாக வீட்டில் இல்லாதவர் கைவிட்டவர்தானே என்று நமக்குத் தோன்றும். சட்டம் அப்படிப் பார்க்காது. பிரிந்திருப்பது மட்டும் போதாது, திரும்பி வரக்கூடாது என்ற எண்ணமும் இருக்க வேண்டும் என்று பிபின்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1956-லேயே சொல்லிவிட்டது. போலீஸ் பிடித்துக்கொண்டு போனவருக்கு அந்த எண்ணம் இருந்தது என்று எப்படிச் சொல்வது? ‘விட்டால் இன்றைக்கே வீட்டுக்குப் போவேன்’ என்று அவர் சொன்னால் வழக்கு அங்கேயே நின்றுவிடும்.

எஞ்சுவது கொடுமை. 1976 திருத்தத்துக்குப் பின் கொடுமை விவாகரத்துக்கு நேரடிக் காரணம் ஆனது. அது உடலுக்கு இழைக்கப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மனத்துயரும் கொடுமையே என்பதைப் பல தீர்ப்புகள் நிலைநிறுத்திவிட்டன. 2007-இல் சமர் கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் மனக்கொடுமைக்கு எடுத்துக்காட்டுகளையே வரிசைப்படுத்தியது. ஆனால் சிறைவாசியின் மனைவிக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. கணவன் யாரையோ கொன்றிருக்கிறான், இவரைத் தொட்டதில்லை. கொல்லப்பட்டவருக்கு நடந்ததை, மனைவிக்கு நடந்த கொடுமை என்று எப்படிச் சொல்வது?

இதே கேள்வி மத்தியப் பிரதேசத்தில் எழுந்தது. தன் தந்தையையே கொன்ற வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற ஒருவரின் மனைவி விவாகரத்து கேட்டார். குடும்ப நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2024-இல் உயர் நீதிமன்றத்தின் குவாலியர் அமர்வு அதை மாற்றி, அப்படிப்பட்ட குற்றத்தில் தண்டிக்கப்பட்ட கணவனோடு கட்டுண்டு இருக்கச் சொல்வதே மனக்கொடுமை என்று விவாகரத்து வழங்கியது. நல்ல தீர்ப்பு. வேறு வழக்கறிஞர்களும் இதை எடுத்துக்காட்டலாம். ஆனாலும் இன்னொரு மாநிலத்தின் உயர் நீதிமன்றத் தீர்ப்பு தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஒரு நீதிபதி ஒத்துக்கொள்ளலாம், அடுத்த மாவட்டத்து நீதிபதி மறுக்கலாம். அதோடு, கொடுமை என்று எழுதிவிட்டால் அதை நிரூபிக்கும் பொறுப்பும் வந்துசேர்கிறது. கூண்டில் ஏறி, எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்லி, தன் இல்லறத்தை வரிவரியாகப் பிரித்துக்காட்ட வேண்டும். தன்னை ஒருபோதும் வைதிராத கணவனைப் பற்றிக் கெட்டதாக எதையாவது தேடிச் சொல்லும்படி இந்தச் சட்டம் பெண்களைத் தள்ளுகிறது. விலக விரும்பும் எல்லோரும் வெறுப்போடு விலகுவதில்லை. அவர்மீது இன்னும் இரக்கம் உள்ளவர்களுக்கும் இதே வழிதான்.

குற்றம் பாலியல் வன்கொடுமையாக இருந்தால் நிலைமை மாறும். 13-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, திருமணத்துக்குப் பின் கணவன் அந்தக் குற்றம் செய்திருந்தால் மனைவி விவாகரத்து பெறலாம் என்கிறது. கிறிஸ்தவச் சட்டத்திலும் அது உண்டு. 2020 மார்ச்சில் நாடே இதைப் பற்றிப் பேசியது. 2012 டெல்லி பாலியல் வன்கொடுமை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றிருந்த நால்வரில் ஒருவரின் மனைவி, பீகாரின் அவுரங்காபாத் குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து மனு போட்டார். கணவர் குற்றமற்றவர் என்றே நம்புகிறேன், ஆனால் அவருடைய விதவையாக வாழ விரும்பவில்லை என்று அவர் சொன்னதாகச் செய்திகள் வந்தன. தூக்கைத் தள்ளிப்போடும் தந்திரம் என்று பலர் அதை ஒதுக்கினார்கள். சில நாளில், மார்ச் 20 அதிகாலையில், திகார் சிறையில் நால்வரும் தூக்கிலிடப்பட்டார்கள். மனுவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அந்த மனுவின் நோக்கம் எதுவாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அதில் இருந்த கோரிக்கையை நான் சிறியதாக நினைக்கவில்லை. குற்றம் செய்யாத ஒரு பெண், குற்றவாளியின் பெயரைச் சுமந்து மீதி வாழ்நாளைக் கழிக்க மாட்டேன் என்று சொல்வதற்கு இடம் இருக்க வேண்டும்.

தண்டனை இல்லாத சிறை

இதுவரை பேசியதெல்லாம் தண்டனைக் கைதிகளைப் பற்றி. இந்தியச் சிறைகளில் அவர்கள் சிறுபான்மை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டில் சிறையில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பங்கு. ஜாமீன் கிடைக்காமல், கிடைத்தும் பிணை கொடுக்க ஆள் இல்லாமல், ஆண்டுக்கணக்கில் ரிமாண்டில் கிடப்பவர்கள் இதில் உண்டு. அவர்களுடைய மனைவிகளுக்கு எந்தத் திருமணச் சட்டத்திலும் சிறை ஒரு காரணமாக இல்லை. 7 ஆண்டு தண்டனை என்றால் தீர்ப்பு வந்திருக்க வேண்டுமே.

விசாரணைக் கைதி குற்றவாளி அல்ல, நாளை விடுதலையும் ஆகலாம். அவரைக் குற்றவாளியாக வைத்து மணத்தை முறிப்பது நியாயமில்லை என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் இதையும் சேர்த்துப் பாருங்கள். ஒருவர் விசாரணைக் கைதியாக 4 ஆண்டு இருந்துவிட்டுப் பிறகு 10 ஆண்டு தண்டனை பெற்றால், அந்த 4 ஆண்டை அவருடைய தண்டனையிலிருந்து கழித்துக்கொள்கிறார்கள். 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 428-ஆம் பிரிவு தந்த உரிமை அது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. அது மனிதத்தன்மையுள்ள ஏற்பாடு. உள்ளே இருந்தவரின் ஒவ்வொரு நாளும் எண்ணப்படுகிறது. அதே 4 ஆண்டு வெளியே வாடகை கட்டி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, வக்கீலுக்குப் பணம் புரட்டி, அக்கம்பக்கத்தின் பேச்சைக் கேட்டு வாழ்ந்த பெண்ணின் நாட்களை எண்ண ஒரு பிரிவும் இல்லை.

சிறைக்குள் இல்லறத்துக்கு இடம் உண்டா என்பதும் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2018-இல் பாளையங்கோட்டைச் சிறையில் இருந்த ஓர் ஆயுள் கைதியின் மனைவி குழந்தைப்பேறு வேண்டிக் கேட்க, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கணவருக்கு இரண்டு வாரம் விடுப்பு தந்தது. பின்னர் 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, இல்லற உறவுக்காக விடுப்பு கேட்கும் உரிமை கைதிக்கு இல்லை, குழந்தைப்பேற்றுக்கான சிகிச்சை போன்ற தனிக் காரணம் இருந்தால் பரிசீலிக்கலாம் என்று சொன்னது. ஆக, கணவனோடு சேர்ந்திருக்க உரிமை கிடையாது. சேர்ந்திருக்க முடியாததைக் காரணம் காட்டி விலகவும் இந்துச் சட்டத்தில் நேர்வழி கிடையாது.

சம்மன் சிறைக்குப் போகும்

நடைமுறைக்கு வருவோம். கணவர் சிறையில் இருக்கிறார், அவர் வெளியே வந்தால்தான் வழக்கு போட முடியும் என்று பல பெண்கள் நம்புகிறார்கள். உறவினர்களும் ‘அவன் வரட்டும், பேசிக்கலாம்’ என்று சொல்லி நாளைக் கடத்துவார்கள். அது சரியல்ல. மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே வழக்கு போடலாம். இந்து திருமணச் சட்டத்தில் 2003-இல் வந்த திருத்தம் அந்த வசதியைத் தந்தது. குடும்ப நல நீதிமன்றம் இல்லாத ஊரில் சார்பு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். திருமணமாகி ஓராண்டு முடிந்திருக்க வேண்டும் என்பது பொது விதி.

கணவரின் முகவரியாகச் சிறையின் பெயரையும் கைதி எண்ணையும் கொடுக்கலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 5-ஆம் கட்டளை, 24-ஆம் விதிப்படி சம்மன் சிறை அதிகாரிக்குப் போகும். அதைக் கைதியிடம் கொடுத்து, கையெழுத்து வாங்கித் திருப்பி அனுப்புவது அந்த அதிகாரியின் கடமை. கைதியைச் சிறை மாற்றியிருந்தால் சம்மன் அலைந்து திரும்பும். அதனால் அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

அடுத்து வருவது வாய்தா. கைதியை நீதிமன்றத்துக்குக் கொண்டுவர வழிக்காவல் போலீஸ் வேண்டும். பந்தோபஸ்து, திருவிழா, தேர்தல் என்று காவலர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டால் ‘எஸ்கார்ட் இல்லை’ என்ற ஒரு வரியில் வழக்கு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். கைதியைச் சாட்சி சொல்ல வரவழைப்பதற்கு 16-அ என்று தனிக் கட்டளையே இருக்கிறது. சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் 25 கிலோமீட்டருக்கு மேல் தூரம் என்றால், ஆணையர் ஒருவரை அனுப்பிச் சிறையிலேயே சாட்சியம் பதிவு செய்ய முடியுமா என்று முதலில் பார்க்கச் சொல்கிறது அது. இப்போது காணொலி வசதியும் வந்துவிட்டது. இவற்றைக் கேட்டு மனு போட்டால் பல மாதம் மிச்சமாகும். கேட்காமல் தானாக நடக்காது.

கணவர் பதில் சொல்லாமல் இருந்துவிட்டால் வழக்கு எக்ஸ்பார்ட்டி ஆகும், அதாவது ஒருதலையாக முடியும். சீக்கிரம் முடிந்தது என்று மகிழ்வதற்கில்லை. எனக்கு முறையாகத் தெரிவிக்கவில்லை, சிறையில் இருந்ததால் வழக்கறிஞர் வைக்க முடியவில்லை என்று அவர் பின்னால் வந்து, அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம். மறுமணம் செய்துகொண்ட பிறகு அப்படி ஒரு மனு வந்தால் அந்தப் பெண்ணின் நிலை என்ன ஆகும்? அதனால்தான் கைதிக்கும் வழக்கறிஞர் இருப்பது மனைவிக்கே பாதுகாப்பு என்கிறேன். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் இலவச வழக்கறிஞர் பெறும் தகுதியைத் தருகிறது. இந்த ஒரே வழக்கில் இரண்டு தரப்புமே செலவில்லாமல் வழக்கறிஞர் பெறலாம்.

இருவரும் ஒத்துக்கொண்டால் எல்லாமே எளிது. இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவின்படி பரஸ்பர சம்மத மனு போடலாம். ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். அவர் சிறையில் இருந்தார் என்பது மட்டும் அதற்குப் போதாது, கணவன் மனைவியாக வாழவில்லை என்று இருவரும் சொல்ல வேண்டும். ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் நீதிமன்றமே தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. நீண்ட தண்டனை பெற்ற கைதிகளில், நீயாவது நன்றாக இரு என்று தாமாகவே கையெழுத்துப் போட முன்வருபவர்களும் இருக்கக்கூடும். மனு போட்டுக் கணவரைப் பார்க்கப் போகும்போது முதலில் இதைக் கேட்டுப் பார்ப்பதே சரி. கேட்கவே அச்சமாக இருக்கும் கணவர் என்றால் வழக்கறிஞர் வழியாகக் கேட்கலாம்.

சிறையில் இருப்பது மனைவி என்றால் கதை பெரும்பாலும் வேறு வேகத்தில் நடக்கிறது. 2022 அறிக்கையில் பெண் கைதிகள் 23,772 பேர், மொத்தத்தில் நூற்றுக்கு நான்கு என்ற அளவு. கணவன் உள்ளே போனால் மனைவி காத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் அதே ஊர், மனைவி உள்ளே போனால் கணவன் காத்திருப்பதை எதிர்பார்ப்பதில்லை. ஆறு வயது வரை பிள்ளையைத் தாய் சிறையில் தன்னோடு வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அந்தப் பிள்ளை எங்கே வளரும் என்பது விவாகரத்து வழக்கோடு பின்னிக்கிடக்கிறது. சிறைக்குள் சம்மன் பெறும் பெண், இலவச வழக்கறிஞர் கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்பதை அறிந்திருந்தால்தான் பிள்ளையைப் பற்றியும் ஜீவனாம்சத்தைப் பற்றியும் பேச முடியும்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். விவாகரத்து பெற்றால் ஜீவனாம்சம் போய்விடாது. சிறையில் இருப்பவரிடம் வருமானம் இருக்காது, ஆனால் வீடோ நிலமோ இருக்கலாம். நிரந்தர ஜீவனாம்சத்தை அந்த அசையாச் சொத்தின் மீதே பொறுப்பாக ஏற்றும் அதிகாரம் இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்துக்கு உண்டு. விவாகரத்துக்குப் பின் கணவர் உயில் இல்லாமல் இறந்தால் மனைவி வாரிசு ஆக மாட்டார். பிள்ளைகள் வாரிசுகளாகவே இருப்பார்கள். இதையெல்லாம் மனு எழுதும்போதே வழக்கறிஞரிடம் பேசிவிட வேண்டும். தீர்ப்பு வந்த பிறகு பேசுவது கடினம்.

சட்டத்தில் மாற வேண்டியது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் அல்ல. சிறப்புத் திருமணச் சட்டத்தில் 1954 முதல் இருக்கும் ஒரு வரியை இந்து திருமணச் சட்டத்திலும் கிறிஸ்தவச் சட்டத்திலும் சேர்ப்பதுதான். சேர்க்கும்போது ‘தண்டனைச் சட்டக் குற்றம்’ என்ற கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, விசாரணைக் காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். மீட்க முடியாதபடி முறிந்த திருமணத்தையே விவாகரத்துக்குக் காரணமாக்கலாம் என்று சட்ட ஆணையம் 1978-லும் 2009-லும் பரிந்துரைத்தது. 2013-இல் மாநிலங்களவை ஒரு மசோதாவை நிறைவேற்றியும் அது சட்டமாகவில்லை. 2023-இல் ஷில்பா சைலேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசியலமைப்புச் சட்டத்தின் 142-ஆம் பிரிவு தனக்குத் தரும் அதிகாரத்தால் அப்படி விவாகரத்து தரலாம் என்றது. கைதிகளின் மனைவியரில் டெல்லி வரை போகக்கூடியவர்கள் எத்தனை பேர்?

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வாரமே போக நினைப்பவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கோ தாலுகா அளவிலான குழுவுக்கோ போகலாம், 15100 என்ற எண்ணிலும் பேசலாம். திருமணப் பத்திரிகை அல்லது பதிவுச் சான்று, மணக்கோலப் புகைப்படம், ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கணவரின் வழக்கு எண், தண்டனை வந்திருந்தால் தீர்ப்பின் சான்றிட்ட நகல், அவர் பெயரில் உள்ள சொத்தின் பத்திர நகல் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பின் நகல் இல்லையென்றால், அதை எடுக்கவும் ஆணைக்குழு நியமிக்கும் வழக்கறிஞரிடமே உதவி கேளுங்கள்.